பழசும் புதுசும் ஒரே அலமாரியில்: எங்கள் குன்னூர் புத்தகக் கடை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூர் மார்க்கெட் பக்கம் படிக்கட்டு ஏறும் வழியில் எங்கள் கடை இருக்கிறது. மாமா, அதாவது என் மாமனார், பழைய பேப்பரை எடைக்கு வாங்கி மேட்டுப்பாளையத்துக்கு லாரி ஏற்றிக்கொண்டிருந்தவர். எடைக்கு வந்த கட்டுகளில், லாரியில் ஏற்ற மனம் வராத புத்தகங்களை ஒரு மூலையில் ஒதுக்கிவைப்பார். அந்த மூலை வளர்ந்துதான் கடையானது. இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். நேரிலும் போனிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

கடையில் என்னென்ன இருக்கிறது? பட்டியல் அனுப்ப முடியுமா?

பட்டியல் இல்லை. கட்டு வரும், பிரிப்போம், அலமாரிக்குப் போகும், அடுத்த வாரமே ஒருவர் எடுத்துப் போய்விடுவார். ஆனால் எங்கிருந்து வருகிறது என்று சொன்னால் என்ன கிடைக்கும் என்று உங்களுக்கே ஒரு கணக்கு பிடிபடும்.

வெலிங்டன் ராணுவக் கல்லூரியில் படிப்பு முடிந்து மாற்றலாகிப் போகும் குடும்பங்கள் பெட்டிக்கு மேல் பெட்டியாக விட்டுப்போவார்கள். அதில் ஆங்கில நாவல், போர் வரலாறு, குழந்தைகளின் படக்கதை எல்லாம் இருக்கும். அருவங்காடு தொழிற்சாலைக் குடியிருப்பில் ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்குக் கிளம்புகிறவர்களிடமிருந்து தமிழ் வார இதழ்கள் வருடக்கணக்கில் வரும், பெரும்பாலும் தேதி வாரியாக அடுக்கியபடியே. தேயிலைத் தோட்டத்துப் பங்களாக்கள் கைமாறும்போது பழைய தோட்டக்கலைப் புத்தகங்கள் கிடைக்கும். தொழிற்சங்கத்தில் இருந்த பெரியவர்கள் வீடுகளில் மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள் அநேகமாக இருக்கும். நல்ல தாள், தைத்த கட்டு. இந்த ஈரத்திலும் அவை ஏடு பிரியாமல் நிற்பதைப் பார்த்து நான் வியந்திருக்கிறேன்.

இன்னொன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து வந்து கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பக்கம் குடியேறிய குடும்பங்கள் ஏராளம். தகரப் பெட்டியில் சாமி படத்தோடு நாலு புத்தகமும் கொண்டுவந்தவர்கள் அவர்களில் உண்டு. கொழும்பு நாளிதழான வீரகேசரி வெளியிட்ட நாவல்கள், யாழ்ப்பாணத்து ‘மல்லிகை’ இதழ்கள் எப்போதாவது கைக்கு வரும். ஒரு முறை பள்ளிக்கூடத்துத் தமிழ்ப் பாடப்புத்தகம் ஒன்று வந்தது. அட்டை போட்டிருந்தது பழைய வீரகேசரித் தாளில். அதைப் பிரிக்காமலே வைத்திருக்கிறேன். உள்ளே இருக்கும் பாடத்தைவிட அந்த அட்டைத்தாளின் சினிமா விளம்பரத்தைப் பார்த்துத்தான் ஒரு பாட்டி, “இந்தப் படம் நான் ஹட்டன்ல பாத்தேன்” என்று உட்கார்ந்துவிட்டார்கள்.

ஏன் பழையதையும் புதியதையும் தனித்தனியாக வைக்கவில்லை? தேடுவது சிரமமாக இருக்கிறதே?

பலரும் சொல்கிற குறைதான். வேண்டுமென்றேதான் கலந்து வைக்கிறோம்.

முதல் இரண்டு வருடம் நானும் பிரித்துத்தான் வைத்திருந்தேன். புது நாவல் ஒரு பக்கம், பழசு ஒரு பக்கம், பத்திரிகை தரையில். வந்தவர்கள் தனக்குத் தெரிந்த பக்கம் போய், தெரிந்த பெயரை எடுத்து, ஐந்து நிமிடத்தில் பணம் கொடுத்துப் போனார்கள். கல்லூரிப் பிள்ளைகள் பழசு பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகி எல்லாவற்றையும் அவசரமாக அள்ளி ஒரே அலமாரியில் திணித்தோம். அந்த வாரம் வந்த பெண் ஒருத்தி போன வருடம் வெளியான சிறுகதைத் தொகுப்பைத் தேடி வந்து, அதன் பக்கத்தில் இருந்த 1960களின் ‘தீபம்’ இதழ் இரண்டையும் சேர்த்து வாங்கிப் போனாள். அடுத்த மாதம் வந்து, “இன்னும் இருக்கா அக்கா?” என்றாள். அதற்கப்புறம் பிரித்து வைக்கவே இல்லை.

ஒரே விஷயம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், அவ்வளவுதான் ஒழுங்கு. சமையல் என்றால் இந்த வருடத்துச் சிறுதானியச் சமையல் புத்தகத்துக்குப் பக்கத்தில் அணாக் கணக்கில் விலை போட்ட பழைய பாக சாஸ்திரம் இருக்கும். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு புரட்டிப் பாருங்கள். ஆழாக்கு, பலம் என்ற பழைய அளவுகள் எப்படிக் கிராமாக மாறி வந்திருக்கின்றன என்பது தானாகத் தெரியும்.

வாங்காமல் சும்மா புரட்டிப் பார்க்கலாமா?

தாராளமாக. முக்காலி போட்டிருப்பது அதற்குத்தான். ஒரு மணி நேரமாவது ஒதுக்கிக்கொண்டு வாருங்கள் என்பது மட்டும் என் வேண்டுகோள். அவசரமாக வந்தால் முதுகில் எழுதியிருக்கும் பெயர்களை மட்டும்தான் படிக்க முடியும். இங்கே பாதிப் புத்தகங்களுக்கு முதுகில் எழுத்தே இல்லை. மெல்லிய இதழ்களுக்கு முதுகே கிடையாது. கையில் எடுத்தால்தான் உண்டு.

சரி, எடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதுகின் மேல் விளிம்பில் விரலை விட்டு இழுக்காதீர்கள். பழைய புத்தகம் அங்கேதான் முதலில் கிழியும். இரு பக்கத்துப் புத்தகங்களையும் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டு, நடுவில் பிடித்து எடுங்கள். எச்சில் தொட்டுப் புரட்ட வேண்டாம். பழைய வார இதழ்த் தாள் மரக்கூழில் செய்த மட்டத் தாள். அதில் உள்ள பொருள் காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழுப்பாகி, அப்பளம் மாதிரி ஆகியிருக்கும். மேல் மூலையைப் பிடித்துத் திருப்பினால் மூலை கையோடு வந்துவிடும். பக்கத்தின் நடு ஓரத்தில் விரல் கொடுத்துத் திருப்புங்கள். குடையை வாசலிலேயே விட்டுவிடுங்கள்.

வருடம் போடாத பழைய புத்தகம் எந்தக் காலத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. மாமா எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் பிறகு நானே பார்த்துத் தெரிந்துகொண்டதுமாகச் சொல்கிறேன்.

முதலில் விலையைப் பாருங்கள். அணா என்றிருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தியது. 16 அணா ஒரு ரூபாய், 4 பைசா ஓர் அணா. 1957 ஏப்ரல் 1 முதல் 100 பைசாக் கணக்கு வந்தது. பழைய பைசாவோடு குழம்பக்கூடாது என்று அதை ‘நயா பைசா’ என்றார்கள். ‘ந.பை.’ என்று அச்சிட்டிருப்பார்கள். 1964 ஜூனில் ‘நயா’ போய் வெறும் பைசா ஆயிற்று. ஆகவே ‘75 ந.பை.’ என்று பார்த்தால் அந்த ஏழு வருடத்துக்குள் நிறுத்திவிடலாம்.

அடுத்தது முகவரி. ‘சென்னை–2’ என்று மட்டும் இருந்தால் அநேகமாக 1972க்கு முந்தியது. அந்த வருடம் ஆகஸ்ட் 15ல்தான் ஆறு இலக்கப் பின்கோடு வந்தது. பழக்கத்தில் அப்புறமும் கொஞ்ச காலம் பழையபடியே போட்டவர்கள் உண்டு என்பதால் இதை ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம். ‘சென்னை ராஜ்யம்’ என்று இருந்தால் 1969 ஜனவரியில் தமிழ்நாடு என்று பெயர் மாறுவதற்கு முன் அச்சானது.

எழுத்தையும் பாருங்கள். ணை, லை, ளை, னை ஆகியவற்றில் மேலே தும்பிக்கை மாதிரி கொம்பு வளைந்திருந்தால், ணா, றா, னா ஆகியவற்றில் துணைக்கால் தனியாக நிற்காமல் எழுத்தோடு சுழித்து ஒட்டியிருந்தால் அது பழைய எழுத்து. தமிழக அரசு சீர்திருத்த எழுத்துக்கு ஆணையிட்டது 1978ல். ஆனால் பெரியார் ‘குடி அரசு’ இதழில் 1935லேயே புது எழுத்தைக் கொண்டுவந்துவிட்டார். அதனால் அவருடைய இயக்கத்து வெளியீடு கையில் இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. மறுபக்கம், பழைய ஈய எழுத்தை மாற்ற வசதியில்லாத சின்ன அச்சகங்கள் 1978க்குப் பிறகும் பழைய எழுத்திலேயே ஓட்டியிருக்கின்றன.

முகப்பில் தமிழ் வருடப் பெயர் இருந்தால் இன்னும் நல்லது. அறுபது வருடச் சுழற்சியில் முதலாவதான பிரபவ 1867, 1927, 1987 ஆகிய ஆண்டுகளில் பிறந்தது. அதிலிருந்து எண்ணிக்கொண்டு வரலாம். போன மாதம் ஒரு கோலப் புத்தகம். ‘சுபகிருது வருஷம், விலை 40 ந.பை.’ சுபகிருது முப்பத்தாறாவது. 1902, 1962, 2022 மூன்றில் ஒன்று. நயா பைசா இருந்தது நடுவில் உள்ளதில் மட்டும். ஆக, 1962–63. வாங்க வந்த அம்மா, “நான் பொறந்த வருஷம்” என்று அதை எடுத்துக்கொண்டார்கள். திருவள்ளுவர் ஆண்டு போட்டிருந்தால் 31 கழித்துக்கொள்ளுங்கள்.

பைண்டு செய்த தொடர்கதைகள் என்று தனி அடுக்கு இருக்கிறதே, அது என்ன? அச்சான நாவலே கிடைக்கும்போது அதை ஏன் வாங்க வேண்டும்?

வார இதழில் வந்த தொடரை வாரா வாரம் கத்தரித்துச் சேர்த்து, முடிந்ததும் பைண்டரிடம் கொடுத்துக் கட்டி வைப்பது நம் வீடுகளில் ஒரு காலத்தில் இருந்த வழக்கம். காலிகோ துணி முதுகு, கெட்டி அட்டை, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலந்த மைதாப் பசை. அந்தப் பசையின் லேசான நீலக்கறை சில கட்டுகளில் இன்னும் தெரியும்.

அச்சு நாவலில் இல்லாதது இதில் நிறைய. முதலாவது ஓவியம். கல்கியில் 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’ வந்தபோது மணியம் வரைந்தார். அதே கதை பின்னால் மறுபடி தொடராக வந்தபோது வேறு ஓவியர்கள் வரைந்தார்கள். கட்டைத் திறந்து படத்தின் ஓரத்தில் இருக்கும் கையெழுத்தைப் பார்த்தால் எந்தச் சுற்று என்று தெரிந்துவிடும். பின்பக்கத்து விளம்பரத்தில் அணா இருக்கிறதா, பைசா இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

இரண்டாவது, அந்தப் பின்பக்கங்கள்தான். அத்தியாயம் முடிந்த தாளின் மறுபுறம் வேறொரு கதையின் நடுப்பகுதி இருக்கும். பாதி நகைச்சுவைத் துணுக்கு, வானொலிப் பெட்டி விளம்பரம், கூந்தல் தைலம், வாசகர் கடிதத்தின் வால். யாரும் பத்திரப்படுத்த நினைக்காமலே தங்கிப்போனவை அவை.

மூன்றாவது, சேர்த்தவரின் கை. என்னிடம் விற்பனைக்கு இல்லாத ஒரு கட்டு இருக்கிறது. கோத்தகிரிப் பக்கத்து வீடு ஒன்றிலிருந்து வந்தது. நடுவில் ஓர் அத்தியாயம் அச்சில் இல்லை. அந்த வாரம் மண்சரிந்து தபால் வரவில்லையோ, இதழ் யாரிடமாவது போய் மாட்டிக்கொண்டதோ. அந்த இடத்தில் கோடு போட்ட நோட்டுத் தாள் ஒன்பது. நீல மசியில், அடித்தல் திருத்தல் இல்லாமல், முழு அத்தியாயத்தையும் யாரிடமோ இரவல் வாங்கி எழுதிச் சேர்த்திருக்கிறார் அந்த வீட்டு அம்மா. படம் வரும் இடத்தில் ஒரு கட்டம் போட்டு, அதற்குள் ‘இங்கே படம். வந்தியத்தேவன் குதிரை மேல்’ என்று எழுதியிருக்கிறார். கடைசித் தாளின் அடியில், ‘தொடரும்’ என்பதையும் விடவில்லை. கடைக்கு வந்து கேட்டால் எடுத்துக் காட்டுகிறேன்.

தயவுசெய்து இப்படிப்பட்ட கட்டுகளைப் படத்துக்காகப் பிரிக்காதீர்கள். ஓவியத்தை மட்டும் கத்தரித்துச் சட்டம் போட்டு மாட்ட வாங்குகிறவர்கள் வருகிறார்கள். அவர்களுக்கு விற்பதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன்.

பழைய பத்திரிகைகளை யார் வாங்குகிறார்கள்?

எழுத்தாளர்கள், ஆராய்ச்சி செய்கிற பிள்ளைகள், சினிமாவில் பழைய கால அரங்கம் அமைக்கிறவர்கள் வருவார்கள். அதிகமாக வருவது, தான் சின்ன வயதில் படித்த ஓர் இதழைத் தேடி வருகிறவர்கள். அம்புலிமாமா தமிழில் தொடங்கியது 1947ல். அதில் படிக்கக் கற்றுக்கொண்டவர்கள் இன்று பேரன் பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். தீபாவளி மலர்களுக்கும் ஆள் உண்டு. மலர் வாங்கும்போது வண்ணப் படங்கள் உள்ளே இருக்கின்றனவா என்று உள்ளடக்கப் பக்கத்தோடு ஒத்துப் பாருங்கள். கிழித்தெடுத்துவிட்டால் தையலை ஒட்டி ஒரு மெல்லிய விளிம்பு மட்டும் நிற்கும்.

சிறுபத்திரிகைகளைக் கேட்டு வருகிறவர்கள் குறைவு. ஆனால் வந்தால் விடமாட்டார்கள். சி.சு.செல்லப்பா 1959ல் தொடங்கிய ‘எழுத்து’, டெல்லியிலிருந்து 1965ல் வரத் தொடங்கிய ‘கணையாழி’ இரண்டும் அவ்வப்போது உதிரியாகக் கிடைக்கும். பார்க்க ஒல்லியாக, படமில்லாமல் இருக்கும். எடைக்குப் போடுகிறவர்கள் இவற்றைத்தான் முதலில் போடுவார்கள் என்பதால் எங்கே பார்த்தாலும் நான் எடுத்து வைத்துவிடுவேன்.

காமிக்ஸ் இருக்கிறதா?

வந்த அன்றே போய்விடும். சிவகாசியிலிருந்து 1972ல் தொடங்கிய முத்து காமிக்ஸ், 1984ல் வந்த லயன் காமிக்ஸ் இரண்டுக்கும் காத்திருப்போர் வரிசை இருக்கிறது. முன்அட்டை, பின்அட்டை, நடுத்தாள் மூன்றும் இருந்தால்தான் முழுசு என்று சொல்வேன். இல்லையென்றால் இல்லை என்று உள்ளேயே பென்சிலால் எழுதியிருக்கும்.

நீலகிரி பற்றிய பழைய புத்தகங்கள் கிடைக்குமா?

மலையைப் பற்றி எழுதப்பட்டது அதிகம், கைக்குக் கிடைப்பது கொஞ்சம். கிரிக் 1880ல் தொகுத்த மாவட்டக் கையேடும், பிரான்சிஸ் 1908ல் எழுதிய கெசட்டியரும் ஆங்கிலத்தில் முக்கியமானவை. முதல் பதிப்பு கனவுதான், மறுபதிப்பு வந்தால் சொல்கிறேன். தோடர் என்றும் சொல்லப்படும் தோதவர் பழங்குடியைப் பற்றி ரிவர்ஸ் 1906ல் எழுதிய பெரிய நூலும் அப்படித்தான். செடிகொடி பார்க்கிறவர்கள் ஃபைசன் என்பவர் எழுதிய நீலகிரி, பழனி மலைத் தாவர நூலைக் கேட்பார்கள். கோட்டுப் படங்களுக்காகவே வைத்திருக்கலாம்.

தமிழில் கேட்டால் நான் முதலில் எடுத்துக் கொடுப்பது ராஜம் கிருஷ்ணன் படகர் வாழ்க்கையை வைத்து எழுதிய ‘குறிஞ்சித் தேன்’. ஹட்டி எனும் படகர் ஊர்களில் பிறந்து வளர்ந்தவர்களே வாங்கிப்போய்ப் படித்துவிட்டு, எங்கே சரி, எங்கே இல்லை என்று என்னிடம் வந்து பேசியிருக்கிறார்கள். அந்தப் பேச்சுக்காகவே இரண்டு பிரதி எப்போதும் வைத்திருப்பேன்.

இன்னொரு செய்தி, தமிழ் படிக்கிறவர்களுக்குப் பிடிக்கும். திருக்குறளை ஆங்கிலத்தில் தந்த ஜி.யு.போப் உதகையில் பள்ளிக்கூடம் நடத்தியவர். தோதவர் மொழிக்கு அவர் எழுதிய சிறு இலக்கணக் குறிப்பு, 1873ல் மார்ஷல் என்பவர் தோதவர்களைப் பற்றி வெளியிட்ட புத்தகத்தின் பின்னால் சேர்ந்திருக்கிறது. யாரோ எழுதிய புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார். பின்னிணைப்பைப் புரட்டாமல் மூடாதீர்கள்.

பழைய நூல்களைப் பார்த்தால் மட்டும் போதும் என்கிறவர்கள் உதகையில் 1859ல் தொடங்கிய நீலகிரி நூலகத்தை விசாரிக்கலாம். அது உறுப்பினர்களுக்கான நூலகம். முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போங்கள்.

விலை எப்படிப் போடுகிறீர்கள்? பேரம் உண்டா?

கடைசிப் பக்கத்தின் உள்ளே மேல் மூலையில் பென்சிலால் விலை இருக்கும். புதுப் புத்தகத்துக்கு அச்சிட்ட விலையில் 10 சதவீதம் குறைப்பேன். சாதாரணப் பழைய நாவலுக்குப் பெரும்பாலும் அச்சிட்ட விலையில் பாதி. இன்று அச்சில் இல்லாதது, முழுசாக இருப்பது, நல்ல ஓவியம் உள்ளது என்றால் கூடும். அணா விலை போட்ட புத்தகத்தைக் காட்டி “நாலணான்னு போட்டிருக்கே” என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் பதில் கிடையாது, சிரிப்பேன். மாணவர்கள் அடையாள அட்டை காட்டினால் என்னால் முடிந்ததைக் குறைப்பேன்.

மலைக் குளிரில் புத்தகம் கெட்டுப்போகாதா? வீட்டில் எப்படிப் பாதுகாப்பது?

கெடும். குளிரால் கெடுவதைவிட ஈரத்தால் கெடுவது அதிகம். தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் கூடலூர், பந்தலூர்ப் பக்கம் கொட்டித் தீர்க்கும். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் அக்டோபர், நவம்பர் மழைதான் பெரிது. கொடைக்கானலிலும் அப்படியே. ஆக, எந்த மலையில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து உங்கள் புத்தகத்துக்குக் கெட்ட மாதம் மாறும். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை பிடிக்க ஆரம்பிக்கும்.

நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டது இது. இரும்பு பீரோவை வெளிச்சுவரில் ஒட்டி வைத்திருந்தோம். மலையில் சுவர் வேர்க்கும் என்பது தெரிந்ததுதான், ஆனாலும் இடம் போதவில்லை. மழை முடிந்து திறந்தால் பின்வரிசை முழுக்கச் சாம்பல் பூத்திருந்தது. ஒரு வருடத்து மஞ்சரி இதழ்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிப் பலகைபோல் ஆகிவிட்டன. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு பிசைகிறது. இப்போது எந்த அலமாரியும் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளித்தான் நிற்கும். புத்தகங்களை இறுக்கி அடைக்காமல், கை நுழையும் அளவு தளர்வாக வைக்கிறோம். வெயில் அடிக்கும் நாளில் அலமாரிக் கதவுகளைத் திறந்துவிடுவோம். புத்தகத்தை நேர் வெயிலில் காயவைப்பதில்லை, அட்டை வளைந்து நிறம் போய்விடும்.

வெள்ளி நிறத்தில் சரசரவென்று ஓடும் பூச்சிக்கு இராமபாணம் என்று பெயர். பசையையும் மாவையும் தேடித்தான் அது வரும். வசம்புத் துண்டைத் துணியில் முடிந்து அடுக்குக்கு ஒன்றாக வைக்கிறோம், ஓலைச்சுவடிக் காலத்திலிருந்து வந்த பழக்கம். வசம்பு போட்டுவிட்டோம் என்று மறந்து இருந்துவிடக்கூடாது. மாதம் ஒரு முறை எல்லாவற்றையும் எடுத்துத் தட்டி வைப்பதற்கு ஈடு எதுவும் இல்லை.

வார இதழ்களில் இன்னொரு தொல்லை, நடுவில் அடித்த கம்பிப் பின். ஈரத்தில் துருவேறிப் பக்கத்தில் பழுப்புக் கறையாக இறங்கும், பிறகு அந்த இடத்திலேயே தாள் இற்றுப்போகும். மழுங்கிய கத்தி நுனியால் பின்னின் கால்களை நிமிர்த்தி மெல்ல எடுத்துவிட்டு, அதே துளைகளில் வெள்ளை நூலால் தைத்துவிடுங்கள். ஓர் இதழுக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. செல்லோ டேப் மட்டும் ஒட்டவே ஒட்டாதீர்கள். பத்து வருடத்தில் டேப் உதிர்ந்துவிடும், பசை மட்டும் மஞ்சளாக நிற்கும்.

புத்தகம் நனைந்துவிட்டது. என்ன செய்வது?

முதலில் பளபளப்புத் தாள் இருக்கிறதா பாருங்கள். மலர்களில் வரும் வண்ணப் படத் தாள் ஈரமாக இருக்கும்போதே பிரித்துவிட வேண்டும். ஒட்டியபடி காய்ந்தால் அப்புறம் பிரியாது. மற்றபடி, இருபது பக்கத்துக்கு ஒன்றாக அச்சில்லாத வெள்ளைத் தாள் வைத்து, ஈரம் உறிஞ்ச உறிஞ்ச மாற்றி, விசிறி மாதிரி விரித்து நிறுத்தி, மின்விசிறிக் காற்றில் விடுங்கள். கணப்படுப்புப் பக்கம் வேண்டாம். நிறையப் புத்தகம் நனைந்து, எல்லாவற்றையும் உடனே உலர்த்த முடியவில்லை என்றால் உறையில் போட்டு ஃப்ரீசரில் வைத்து, ஒவ்வொன்றாக எடுத்து உலர்த்தலாம். அதுவரை பூஞ்சை வளராது. பூஞ்சை ஏற்கெனவே வந்திருந்தால் ஈரத்தோடு துடைக்காதீர்கள், பரவும். காய்ந்ததும் முகமூடி போட்டுக்கொண்டு, வெளியே வைத்து, மெல்லிய தூரிகையால் தட்டுங்கள்.

எங்கள் வீட்டில் தாத்தாவின் புத்தகங்கள் இருக்கின்றன. வாங்கிக்கொள்வீர்களா?

பார்த்துவிட்டுச் சொல்கிறேன். குன்னூர், உதகை, கோத்தகிரி என்றால் வீட்டுக்கே வருவேன். வருவதற்கு முன் நீங்கள் சுத்தம் செய்ய வேண்டாம், ‘நல்லது’ மட்டும் பொறுக்கி வைக்கவும் வேண்டாம். நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கோயில் மலர், கூட்டுறவுச் சங்க அறிக்கை என்று குப்பைக்கு ஒதுக்கியதில்தான் வேறெங்கும் கிடைக்காதது இருந்திருக்கிறது.

ஒன்று மட்டும் செய்துவிடுங்கள். ஒவ்வொரு புத்தகத்தையும் ஒரு தடவை உதறிப் பாருங்கள். கடிதம், போட்டோ, ஜாதகம், ரூபாய் நோட்டு எல்லாம் வந்திருக்கிறது. வாங்கிய பிறகு நாங்கள் கண்டெடுத்தால் போன் செய்து திருப்பிக் கொடுப்போம். சில சமயம் வீடே காலியாகி, கொடுக்க ஆள் இருக்காது. அப்படி நின்றுபோனவற்றை ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறேன்.

விற்க மனமில்லை, யாராவது படித்தால் போதும் என்றால் ஊர்க் கிளை நூலகத்தில் கேளுங்கள். மிகப் பழைய தமிழ் அச்சு என்றால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு எழுதிக் கேட்கலாம். அவர்கள் எடுக்கக்கூடிய ஒன்றை நான் விலைக்கு வாங்கமாட்டேன், உங்களிடமே சொல்லிவிடுவேன்.

போட்டோ எடுக்கலாமா? முழுப் புத்தகத்தையும் ஸ்கேன் செய்யலாமா?

அட்டையையும் ஒன்றிரண்டு பக்கங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள், ஃபிளாஷ் இல்லாமல். முழுப் புத்தகம் என்றால் எழுதியவர் இறந்து 60 ஆண்டு கடந்திருக்க வேண்டும், அல்லது அரசு நாட்டுடைமை ஆக்கியிருக்க வேண்டும். அப்படிப்பட்டவை பல ஏற்கெனவே தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாக இருக்கின்றன. அங்கே பார்த்துவிட்டு வந்தால் பழைய முதுகை மறுபடி விரிக்க வேண்டியிருக்காது.

குழந்தைகளை அழைத்து வரலாமா?

கட்டாயம். கீழ்த் தட்டு இரண்டும் அவர்களுக்குத்தான். கிழிந்தால் கிழியட்டும்.

எப்போது வந்தால் நல்லது? எப்படி வருவது?

ஏப்ரல், மே சீசனில் ஊரே நெரிசல், கடையில் நிற்க இடமிருக்காது. ஜனவரி, பிப்ரவரி நல்லது. காற்று உலர்ந்திருக்கும், நாங்களும் கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருப்போம். வெளி மாவட்டப் பதிவெண் வண்டியில் வந்தால் இ–பாஸ் எடுக்க வேண்டும், 2024 மே 7 முதல் அந்த நடைமுறை இருக்கிறது. அரசுப் பஸ்ஸிலும் மேட்டுப்பாளையம் மலை ரயிலிலும் வருகிறவர்களுக்கு அது தேவையில்லை. பிளாஸ்டிக் பைக்கு மாவட்டத்தில் தடை. துணிப்பை கொண்டுவாருங்கள். மழை நாள் என்றால் கெட்டித்தாளில் இரண்டு சுற்றுச் சுற்றித் தருவேன்.

தேடி வந்த புத்தகம் இல்லையென்றால்?

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நீள நோட்டு தொங்குகிறது. பெயர், புத்தகம், போன் நம்பர் எழுதிவிட்டுப் போங்கள். பெயர் நினைவில்லை என்றால் நினைவில் இருப்பதை எழுதுங்கள். ‘அட்டையில் சிவப்புச் சேலை, கடைசியில் ரயில் வரும்’ என்று ஒருவர் எழுதிய குறிப்பை வைத்து நான்கு வருடம் கழித்து அந்த மாத நாவலைக் கண்டுபிடித்தேன். சேலை சிவப்பு இல்லை, பச்சை. ரயில் சரியாக இருந்தது.